சாத்திய கதவு



2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஊழிய நிமித்தமாகத் தூத்துக்குடிக்குச் சென்ற நான், ஒரு சிறிய விடுதியில் தங்கினேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, உப்புநீர் சொட்டும் குழாய். இதற்கு இவ்வளவு வாடகையா என்று மேலாளரிடம் முறுமுறுத்தேன்.

அன்றிரவு மழை ஓயவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. மின்சாரம் நின்றது. நள்ளிரவில் கதவைத் திறந்தேன். மாடிப்படிகளில் அக்கம்பக்கத்தார் நனைந்த பிள்ளைகளோடு அமர்ந்திருந்தனர். மேலாளர் வாடகை கேளாமல் அவர்களை உள்ளே சேர்த்திருந்தார். கைக்குழந்தையோடு ஒரு தாய் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உறக்கம் வரவில்லை. பெத்லகேம் சத்திரத்தைக் குறித்து எத்தனை ஆண்டுகள் பிரசங்கித்திருக்கிறேன்! வெட்கத்தோடு மீண்டும் திறந்தேன். அதற்குள் அந்தத் தாய்க்கு மேலாளர் தம் அறையைக் கொடுத்துவிட்டுப் படியில் அமர்ந்திருந்தார். என் அறையை வேறொரு குடும்பத்திற்கு விட்டு, அவரருகே அமர்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சற்றே நகர்ந்து இடம் கொடுத்தார். விடிந்தபின் கோரம்பள்ளம் குளம் உடைந்த செய்தி வந்தது.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம், நான் சாத்திய கதவின் ஓசை இன்றும் கேட்கிறது. முதல் தரமே திறக்கும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.