லேபிள் நறுக்கிய பனியன்

2 டிசம்பர் 2025, செவ்வாய். காலை 7.15, புது டெல்லி ரயில் நிலையம்

ஞாயிறு இரவு சென்னையில் ஏறிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரண்டு ராத்திரிகளைத் தின்றுவிட்டு அவர்களை இறக்கிவிட்டது. அப்பாவுக்குக் காது அடைத்திருந்தது, மகளுக்குப் பசி. லூதியானா வண்டி இரவில்தான். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடக்கிறது.

அப்பா திருப்பூரில் முப்பது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். மகளுக்கு லூதியானாவில் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சேர்த்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம். வேறு சமயமாக இருந்தால் அவருக்கு இத்தனை நாள் லீவு கிடைத்திருக்காது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து அவருடைய பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கிவிட்டது. "போய்ட்டு மெதுவா வாங்க மாஸ்டர்" என்று முதலாளியே சொல்லி அனுப்பினார். அந்த 'மெதுவா' அப்பாவின் தொண்டையில் இன்னும் முள்ளாக நிற்கிறது.

க்ளோக் ரூமில் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். இது தெரியாமல் வரிசையில் நின்று, திரும்பி வந்து, வெளியே ஐம்பது ரூபாய்க்கு ஒரு பூட்டு வாங்கி, மறுபடி வரிசையில் நின்று பைகளைப் போட்டபோது மணி எட்டரை. டெல்லியில் அவர்கள் வாங்கிய முதல் பொருள் பூட்டு. மகள் அதைக் குறித்துக்கொண்டாள். சின்ன டைரி ஒன்றில் செலவுக் கணக்கும் நடந்ததும் கலந்து எழுதுவது அவள் வழக்கம்.

காலை 9.20, ஐஎன்ஏ வழியாக

மஞ்சள் தடத்தில் ஐஎன்ஏ வரை, அங்கே மாறி இளஞ்சிவப்புத் தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம், துணிச் சந்தை இருக்கும் சரோஜினி நகர். அங்கே 2018 ஆகஸ்டில்தான் மெட்ரோ வந்தது. அதுவரை ஐஎன்ஏயில் இறங்கி ஆட்டோக்காரரோடு பேரம் பேசித்தான் பேரச் சந்தைக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை சந்தைக்கு விடுமுறை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இழுத்துமூடிய ஷட்டர்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் கண் எரிந்தது. மூடுபனியா புகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத சாம்பல் நிறம். "சாயப்பட்டறைப் பக்கம் நின்னாப்ல இருக்குது" என்றார் அப்பா.

காலை 9.50, பிள்ளையார் கோயில்

கடைகள் சூடுபிடிக்கப் பதினொன்றாகும் என்பதால் முதலில் விநாயகர் கோயில். சரோஜினி நகர்த் தமிழர்களின் பிள்ளையார். விபூதி வாசனையும் தமிழ்ப் பேச்சும் சேர்ந்து வந்ததும் அப்பாவுக்கு அடைத்த காது திறந்துகொண்டது. பிராகாரத்தில் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எங்கேர்ந்து வரேள்?" என்று ஆரம்பித்தார்.

மத்திய அரசில் அப்பர் டிவிஷன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்கு வந்த காலத்தில் ஊரிலிருந்து வரும் கடிதங்களில் சிலவற்றில் 'வினய் நகர்' என்றே விலாசம் இருக்குமாம். சுதந்திரத்துக்குப் பின் அரசு ஊழியர்களுக்காக எழுந்த இந்தக் காலனியின் பழைய பெயர் அது. வினயம் என்றால் பணிவு. அந்தக் காலத்து டெல்லிக் காலனிப் பெயர்களில் ஒரு குறும்பு இருந்தது. சேவா நகர் கடைநிலை ஊழியர்களுக்கு, வினய் நகர் குமாஸ்தாக்களுக்கு. மான் நகரும் ஷான் நகரும், அதாவது மானமும் மிடுக்கும், மேல்தட்டு அதிகாரிகளுக்கு. யாருக்கு எது பொருந்தும் என்று அரசாங்கமே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டது. "எங்களுக்குக் கொடுத்தது பணிவு. முப்பத்தாறு வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன்" என்று பெரியவர் சிரித்தார்.

பிறகுதான் அது சரோஜினி நாயுடு பெயருக்கு மாறியது. அந்த அம்மையாருக்கும் பணிவுக்கும் கொஞ்சம் தூரம். காந்தியையே 'மிக்கி மவுஸ்' என்று கேலி செய்தவர். 1898இல் சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்துகொண்டவர், அதுவும் நம் சென்னையில். 1949இல் இறக்கும்போது ஐக்கிய மாகாணத்தின் ஆளுநர். நாட்டில் ஆளுநர் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான். நல்ல சாப்பாட்டின் மீது அவருக்கு இருந்த பிரியம் ஊரறிந்தது. ஆக, குமாஸ்தா காலனிக்கு எப்படியோ, வெளியே புகைந்துகொண்டிருக்கும் தட்டுக்கடைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

பெரியவரின் பிள்ளைகள் படித்தது பக்கத்தில் லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் தமிழ்ப் பள்ளியில். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று. அவர் குடியிருந்த குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. 2016இல் மத்திய அமைச்சரவை தெற்கு டெல்லியின் ஏழு அரசுக் காலனிகளை இடித்துக் கட்ட ஒப்புதல் தந்தது, அதில் சரோஜினி நகரும் ஒன்று. 2018 கோடையில் மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜனங்கள் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டது. இரண்டு மாடி மஞ்சள் வீடுகளும் வாசலில் வேப்பமரமுமாக இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கோபுரங்கள். "எங்காத்து வாசல் எங்கே இருந்ததுன்னு இப்போ கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது" என்றார். ஆனாலும் செவ்வாய் தவறாமல் இந்தப் பிள்ளையாரிடம் வருகிறார், துவாரகாவிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி.

இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் எழுதிய டெல்லித் தமிழர்கள் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். மகள் இருவரையும் படித்ததில்லை. பெரியவர் சொன்ன பெயர்களை டைரியில் குறித்துக்கொண்டாள், பூட்டு ஐம்பது ரூபாய்க்குக் கீழே.

முற்பகல் 11.30, சந்தை

"தேக் லோ, தேக் லோ, சௌ கா ஏக்!"

பையன் ஒருவன் பலகைக் கட்டிலின் மேல் நின்று கைதட்டிக் கத்துகிறான். அவன் முழங்கால் வரை துணி. சுற்றிலும் கல்லூரிப் பெண்கள் இரண்டு கையாலும் குவியலைத் தோண்டுகிறார்கள். கடைக்குள் ஒரு சந்தை, கடைவாசலில் ஒரு சந்தை, நடைபாதையில் மூன்றாவது. நகராட்சி வண்டி வருகிறது என்று எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பினால் நடைபாதைச் சந்தை விரித்த போர்வையின் நான்கு முனையைப் பிடித்து மூட்டை கட்டிக்கொண்டு காணாமல் போகும். அரை மணியில் அதே இடத்தில் அதே குவியல்.

மகளுக்கு இது சினிமா பார்ப்பது போல. அப்பாவுக்கு ஆபீஸ்.

ஒரு பனியனை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்பக்கத்தைப் புரட்டி, தோளில் டேப் வைத்திருக்கிறதா என்று பார்த்தார். கழுத்து ரிப்பை இரண்டு விரலால் இழுத்துவிட்டார், திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. ஓரத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஓவர்லாக்கில் ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று உதடு அசைய எண்ணினார். பிறகு கழுத்துக்குப் பின்னால் விரலை வைத்து மகளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு அம்மிணி."

லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னத் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. கத்தரியால் நறுக்கியது. தையலைப் பிரித்து எடுக்க நேரமில்லை, ஆயிரக்கணக்கான பீஸ். அதனால் நறுக்கோடு விட்டுவிடுவார்கள்.

இந்தச் சந்தையின் மொத்த ரகசியமும் அந்த இரண்டு துணுக்கில் இருக்கிறது. வெளிநாட்டு பையர் பத்தாயிரம் பீஸ் கேட்டால், பழுது போகும் என்று கணக்குப் போட்டு நூற்றுக்குச் சில பீஸ் கூடுதலாக வெட்டுவார்கள். பழுது குறைவாக இருந்தால் மிச்சம் நிற்கும். சில சமயம் சாயம் ஒரு பிடி மாறிவிடும், கப்பல் தேதி தவறிவிடும், ஆர்டரே ரத்தாகும். அந்தச் சரக்கை உள்ளூரில் விற்கலாம், பையரின் பெயரோடு விற்கக் கூடாது. அதனால் பெயரை நறுக்கிவிட்டு கிலோ கணக்கிலோ லாட் கணக்கிலோ தள்ளிவிடுவார்கள். திருப்பூரில் ஸ்டேஷன் பக்கம் காதர்பேட்டையில் குவிவது இதுதான். டெல்லியிலும் சுற்றிலும் உள்ள ஓக்லா, நொய்டா, குருகிராம் ஆலைகளின் மிச்சம் சரோஜினிக்கு வருகிறது. கிழக்கு டெல்லியின் காந்தி நகரில் மொத்த விலைக்கு எடுத்த உள்ளூர்ச் சரக்கும் அதே குவியலில் கலந்து கிடக்கும். அந்த ரகத்தில் சிலவற்றுக்கு நறுக்கவே லேபிள் இருந்திருக்காது. எது எது என்று பிரித்துப் பார்க்க அப்பாவைப் போல ஒருவர் வேண்டும்.

"இது நம்மூருதான்" என்றார் தீர்மானமாக. "கழுத்த எப்படி மடிச்சு அடிச்சிருக்கான் பாரு. நம்மூர்ப் பையன் கை."

மகள் விலை கேட்டாள். இருநூறு. எண்பது என்றாள். பையன் நெஞ்சில் கைவைத்துச் செத்துப்போவது போல நடித்தான். சரோஜினி நகரின் பேரம் இப்படித்தான், பாதிக்குக் கீழே கேட்டு, முகத்தைத் திருப்பி நாலடி நடக்க வேண்டும். மகள் நடந்தாள். பையன் நூற்றைம்பது, நூற்றிருபது என்று கூவிக்கொண்டே இறங்கினான். நூறு என்று முடியும் நேரத்தில் அப்பா நூற்றைம்பதை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டார்.

"அப்பா! முடிஞ்சே போச்சுங்ப்பா, நூறுக்குத் தந்திருப்பான்."

"துணி மட்டும் நூத்தம்பது கிராம் நிக்கும். நூலு, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன். நூறு ரூபாய்க்கு எப்படி அம்மிணி கட்டும்?"

பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தது போல ஒரு கர்ச்சீப்பை இலவசமாகத் தந்தான். மகளுக்குக் கோபம் தீர அரை மணி ஆனது. அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்தக் கூடுதல் ஐம்பது ரூபாய் தைத்தவர் கைக்குப் போகப் போவதில்லை.

மதியம் 1.45, தட்டுக்கடை

கோபத்தைத் தீர்த்தது ராம் லட்டு. பெயரை நம்பி இனிப்பு என்று வாயில் போட்ட அப்பா திடுக்கிட்டார். ஊறவைத்த பாசிப்பருப்பை அரைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்து, மேலே துருவிய முள்ளங்கியும் புதினாச் சட்னியும் கொட்டித் தருவார்கள். "வடைக்கு லட்டுன்னு பேர் வெச்சிருக்கான்" என்றாலும் இரண்டாவது தட்டு வாங்கினார். துருவிய முள்ளங்கியின் பச்சைக் காரம் எண்ணெயை வெட்டிவிடுகிறது, நம் வடைக்காரர்கள் கவனிக்கலாம்.

அடுத்து மோமோ. 1959க்குப் பின் வந்த திபெத் அகதிகளோடு டெல்லிக்குள் பரவிய கொழுக்கட்டை இன்று தெருவுக்கு இரண்டு அலுமினிய அடுக்குகளில் வேகிறது. கொழுக்கட்டை என்று சொன்னது அப்பா. மாவு மெல்லியதாக, உள்ளே முட்டைக்கோஸ், தொட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சட்னி. சட்னியைத் தாராளமாகத் தொட்ட மகளுக்குக் கண்ணில் தண்ணீர். அதற்கு மருந்து எதிர்க்கடையில் இருந்தது: 'பண்டா'. நம் கோலி சோடாவேதான். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த அதே கழுத்து நெரித்த பாட்டில், அதே கோலி. எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்டு நுரைக்க நுரைக்கக் கொடுத்தார்கள். பாட்டில் திறக்கும் அந்த 'டப்' சத்தத்துக்கு மட்டும் மொழி வேண்டியதில்லை என்று அப்பா இன்னொன்று வாங்கினார்.

மாலை 3.00, நினைவுச் சின்னம்

சந்தைக்குள் ஓரிடத்தில் கூட்டம் விலகிப் போகிறது. 2005 அக்டோபர் 29, தீபாவளிக்கு மூன்று நாள் முன், சனிக்கிழமை சாயங்காலம் ஜூஸ் கடை அருகே குண்டு வெடித்தது. அதே மாலையில் பஹார்கஞ்சிலும் கோவிந்தபுரியில் ஒரு பேருந்திலும். மூன்றிலும் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் இங்கே. மகள் அப்போது கைக்குழந்தை. அப்பாவுக்கு டிவியில் பார்த்தது ஞாபகம், சிதறிக் கிடந்த புதுத் துணிப்பைகள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். பின்னால் யாரோ ஹேர்கிளிப் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாலை 4.10, சஃப்தர்ஜங் கல்லறை

திரும்பும் வழியில் ஜோர் பாக்கில் இறங்கினால் சஃப்தர்ஜங் கல்லறை. அவத் நவாபுக்காக 1754இல் அவர் மகன் ஷுஜா உத் தௌலா கட்டியது. பெரிய முகலாயத் தோட்டக் கல்லறைகளில் கடைசி. தாஜ்மகாலைப் பார்த்த கண்ணுக்கு ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும், காரணம் பணம். பேரரசு ஓட்டாண்டியாகிக் கொண்டிருந்த காலம். நிஜாமுதீன் பக்கம் இருந்த கவிஞர் ரஹீமின் பழைய கல்லறையிலிருந்து கல்லைப் பெயர்த்து வந்து இதில் பதித்தார்கள் என்பது வரலாறு.

மகள் போனில் இதைப் படித்துச் சொன்னதும் அப்பா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ இதுவும் செகண்ட்ஸ் சரக்குதானா!"

அதற்குப் பிறகு அவருக்கு அந்தக் கட்டடம் ரொம்பவும் பிடித்துப்போனது. தோட்டத்துப் புல்லில் அரை மணி நேரம் கால் நீட்டிப் படுத்தார்.

இரவு, லூதியானா வண்டி

லோயர் பெர்த்தில் கணக்கு எழுதப்பட்டது. பூட்டு 50, பனியன் 150 (அடைப்புக்குறிக்குள் '100!'), ராம் லட்டு, மோமோ, பண்டா இரண்டு, கல்லறை டிக்கெட். அப்பா பனியனை மடியில் வைத்து மறுபடி தடவிக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே, பக்கத் தையலுக்குள் ஏதோ உறுத்தியது. துவைக்கும் முறை அச்சிட்ட பொடி லேபிள். கழுத்தில் நறுக்கியவர்கள் இதை விட்டுவிட்டார்கள். கண்ணாடி இல்லாததால் மகளிடம் நீட்டினார்.

போன் வெளிச்சத்தில் அவள் படித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"மேட் இன் பங்களாதேஷ்ங்ப்பா."

அப்பா பனியனை வாங்கினார். உள்பக்கம் திருப்பினார், கழுத்து மடிப்பை இன்னொரு தரம் விரலால் ஓட்டிப் பார்த்தார், இழுத்துவிட்டார். அது திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

"பையன் நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்று சொல்லி, நான்காக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்.