சமாதானம் கொடுக்கும் கை



இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் எவ்விதம் நடத்த வேண்டும் என்று பல முறை உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறேன். அதில் நானே தவறிய ஒரு காலத்தைப் பற்றி இதுவரை சொன்னதில்லை.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், அசனப் பண்டிகை முடிந்தபின் கமிட்டியில் கணக்கு வாசிக்கப்பட்டது. மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, காய்கறிச் செலவுக்கு ஏன் ரசீது இல்லை என்று கேட்டார். சந்தையில் சில்லறையாய் வாங்கியவற்றுக்கு ரசீது கிடைக்கவில்லை என்று சாந்தமாய்ப் பதில் சொல்லியிருக்கலாம். நானோ, "என்னைத் திருடன் என்கிறீர்களா, அண்ணாச்சி?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் எட்டு மாதங்கள் கடந்தன. ஆலய வாசலில் எதிர்ப்பட்டால், "ஸ்தோத்திரம் ஐயா" என்பார். "ஸ்தோத்திரம் அண்ணாச்சி" என்பேன். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. கர்த்தரைத் துதிக்கிற சொல்லைக்கொண்டே ஒரு மனிதனுக்கு எதிராகக் கதவைச் சாத்த முடியும் என்பதை அந்த நாட்களில் கற்றுக்கொண்டேன்.

திருவிருந்து ஆராதனையில் நாம் சமாதானம் பகிர்ந்துகொள்ளும் முறையை நீங்கள் அறிவீர்கள். கொடுப்பவரும் பெறுபவரும் வலது உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர் வலக்கையை மற்றவர் தம் இடக்கையால் மூடிக்கொள்கிறோம். கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து நம் ஆராதனை முறைக்கு வந்த அழகிய செயல் இது. திருவிருந்து மேசையருகே புறப்படும் சமாதானம் வரிசை வரிசையாய்க் கைமாறிச் செல்லும். நான் கொடுத்த சமாதானம் நாலைந்து பேரைக் கடந்தே அவரைச் சென்றடைந்தது. அவருடைய கையை நான் தொட வேண்டிய அவசியமில்லை. அது எனக்கு வசதியாயிருந்தது.

ஒரு சமயம் தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. அந்த ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது எனக்கு இலகுவாயிருந்தது. மூன்றாம் ஞாயிறு மதியம், அந்த இலகுவே என்னைப் பயப்படுத்தியது. மந்தையில் ஓர் ஆடு காணாமற்போனதற்காக நிம்மதி அடைகிறவன் என்ன மேய்ப்பன்?

விசாரித்தபோது, அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது தெரியவந்தது. சபையார் பலர் போய்ப் பார்த்து வந்திருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முற்றத்தில் கிடக்கும் கல்லைச் சுற்றி நடப்பதுபோல, சபை எங்கள் பிளவைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டிருந்தது.

அன்று மாலை பிலிப்பியர் நிருபத்தைத் திறந்தேன். நான்காம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரண்டு சகோதரிகளைப் பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவர்கள் சுவிசேஷத்துக்காக அவரோடு பாடுபட்டு உழைத்தவர்கள். ஆயினும் தங்களுக்குள் மனம் ஒத்துப்போகாதவர்கள். எதைப் பற்றிய மனவேறுபாடு, யார்மேல் குற்றம் என்று பவுல் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. சிறையிலிருந்து எழுதுகிற அவர், இருவரையும் தனித்தனியே வேண்டிக்கொள்கிறார். அவர்களுக்கு உதவும்படி உடன் ஊழியர் ஒருவரையும் கேட்டுக்கொள்கிறார். அவர்களுடைய பெயர்கள் ஜீவபுத்தகத்தில் இருப்பதை எல்லாருக்கும் நினைப்பூட்டுகிறார். பேசாமலிருக்கும் இருவரின் பெயர்கள் பரலோகத்தில் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்றால், பூமியில் அவர்கள் எத்தனை நாள் முகம் திருப்பிக்கொள்ள முடியும்?

நம் தென்னிந்தியத் திருச்சபையின் வரலாறும் அன்று என்னைக் கடிந்துகொண்டது. வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்த சபைகள் ஒன்றாவதற்கான பேச்சு 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. 1947 செப்டம்பர் 27 அன்றுதான் சென்னையில் அது நிறைவேறியது. ஆயர்த்துவம், ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற பெரிய காரியங்களைக் குறித்து அவர்கள் 28 ஆண்டுகள் விடாமல் பேசினார்கள். அந்தச் சபையின் குருவானவனான நான், காய்கறிக் கணக்குக்காக எட்டு மாதங்கள் பேசாதிருந்தேன்.

மறுநாள் மாலை தனியே அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி அணிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், குரலைக் கேட்டே எழுந்துகொண்டார். "அண்ணாச்சி, அன்றைக்கு நான் பேசியது தப்பு. மன்னியுங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கணக்கைக் கேட்டேனே ஒழிய உங்களைச் சந்தேகப்படவில்லை, ஐயா. இருந்தாலும் முதலில் உங்களிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு" என்றார். இருவரும் ஜெபித்தோம். காப்பி வந்தது.

பிரியமானவர்களே, மத்தேயு 5:23-24இல் ஆண்டவர் காணிக்கையோடு வந்தவனைப் பாதியில் திருப்பி அனுப்புகிறார். அங்கே அவர் பேசுவது, உனக்குப் பிறன்மேல் உள்ள குறையைப் பற்றியன்று. பிறனுக்கு உன்மேல் உள்ள குறையைப் பற்றி. நம் ஆராதனையில் காணிக்கைக்கு முன்பாகச் சமாதானம் பகிர்வதின் பொருளும் இதுவே. யார் முதலில் போக வேண்டும் என்று கணக்குப் பார்க்க அந்த வசனம் இடம் கொடுக்கவில்லை. நினைவுக்கு வந்தவனே போக வேண்டும். போகும்போது தன் பங்கை மட்டும் அறிக்கையிட வேண்டும்; மற்றவருடைய பங்கை அவரிடமே விட்டுவிட வேண்டும்.

சமாதானம் என்பது கேள்விகளை விழுங்கிவிடுவது அன்று. அந்த அண்ணாச்சி அதற்கடுத்த அசனத்துக்கும் ரசீது கேட்டார். இம்முறை ஒரு சிறு நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவரும் கூட்டத்துக்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்து கேட்டார்.

உங்கள் மாமியாரோ, உடன்பிறந்தவரோ, பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவரோ, "ஸ்தோத்திரம்" என்பதோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளும் அந்த ஒருவர் யார்? அடுத்த திருவிருந்துக்கு முன் அவர் வீட்டு வாசலுக்குப் போய் வாருங்கள். அப்படிப்பட்ட இருவரை அறிந்தவராயிருந்தால், அவர்களைச் சுற்றி நடக்காமல், பவுல் கேட்ட அந்த உடன் ஊழியராயிருங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்கள் உதடுகள் கூறுகிற சமாதானத்தை எங்கள் கைகளும் கால்களும் கொண்டுபோகக் கிருபை தாரும். முதலில் போவதற்கான தாழ்மையை எங்களுக்கு அருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.