இரண்டாம் முறை பிடிபட்டவன்

நம் குடும்பத்து இளைஞன் ஒருவன் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டால், அச்செய்தி வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம். தந்தை அபராதம் கட்டுகிறார். தாய் அழுது ஓய்கிறார். இரண்டு ஜும்ஆக்கள் கழிந்ததும் வண்டிச் சாவி மீண்டும் மகனின் கைக்குப் போகிறது. திண்டிவனத்தில் மதரஸா ஆசிரியராக இருக்கும் எனக்கு இது புதிய செய்தியன்று. மது மலிவாகக் கிடைக்கும் புதுச்சேரி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். குடித்தவர் திரும்பி வரும் வழியோ நெடுஞ்சாலை.

சென்ற ஆண்டு ஒரு தந்தை என்னிடம் வந்தார். சரக்கு வேன் ஓட்டும் அவருடைய மகன் இரண்டாம் முறையாகப் பிடிபட்டிருந்தான். "ஹஜ்ரத், அபராதத்துக்கு ஜமாஅத்தில் சொல்லி ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். விஷயம் வெளியே தெரிய வேண்டாம்" என்றார். பணம் கட்டினால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர் எண்ணியிருந்தார்.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வாகனம் ஓட்டுவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எதை விதிப்பது என்பது நீதிபதியின் முடிவு. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கவும் நீதிமன்றம் தடை விதிக்க வேண்டும். குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர் என்று கண்டால், விளக்கம் கேட்டபின் உரிமத்தையே ரத்து செய்யும் அதிகாரத்தை 19ஆம் பிரிவு உரிம அதிகாரிக்கு வழங்குகிறது. வேன் ஓட்டிப் பிழைப்பவனுக்கு உரிமம் போவது, வீட்டில் அடுப்பு அணைவதற்குச் சமம்.

உயிர் போய்விட்டால் நிலைமை இன்னும் கடுமையானது. 2006இல் மும்பையில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் 7 பேர் கார் மோதி இறந்தனர். அதை ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். அவர் செய்தது வெறும் கவனக்குறைவன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்பதை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்னொன்றும் உண்டு. குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. தெரிந்தே சாவியை எடுத்துக் கொடுப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். ஒரு முஃமினின் குறையை மறைப்பது நற்செயல்தான். ஆனால் சாலையில் செல்லும் பிறர் உயிரைப் பணயம் வைத்து மறைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

மது அருந்தியதற்காகப் பலமுறை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்ட ஒருவரைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அவருக்குத் தண்டனை தளர்த்தப்படவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் அவர் என்று சாட்சியம் பகர்ந்தார்கள். நாமோ இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தண்டனையிலிருந்து தப்புவிக்கிறோம், பிறகு முதுகுக்குப் பின்னால் ஏசுகிறோம்.

ஆகவே ஜமாஅத்தில் பணம் கேட்க நான் உடன்படவில்லை. சாவியை வாங்கி வையுங்கள். நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லச் செய்யுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். அவர் முகம் வாடிற்று. சில வாரங்கள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் மகனுடன் வந்து நின்றார். மூவரும் பேருந்தில் முண்டியம்பாக்கம் சென்றோம். வழக்கு இன்னும் முடியவில்லை, மருத்துவமும் தொடர்கிறது.

பெற்றோரே, முதல் முறை பிடிபடும்போதே விழித்துக்கொள்ளுங்கள். அபராதத்தைக் கட்டுவதோடு உங்கள் கடமை முடிவதில்லை. நம் பிள்ளைகளையும், அவர்கள் எதிரே வரும் பிறர் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.