பிசினும் பொறுமையும்

பலாப்பழம் அறுக்க அமரும் தாய், கத்தியை எடுப்பதற்கு முன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாள். கத்தியிலும் கையிலும் எண்ணெய் பூசிக்கொண்ட பின்னரே பழத்தின்மேல் வெட்டு விழும். பசையை நெகிழச் செய்தே வெல்ல இயலும் என்னும் அறிவு அச்செயலில் அடங்கியிருக்கிறது. அவ்வறிவு அடுக்களையோடு நின்றுவிட்டமையால், ஒரு மகிழுந்தின் மேனியில் விழுந்த கீறல் ஓர் இளம் ஆசிரியரின் நெஞ்சிலும் விழுந்தது.

பேராக் மாநிலச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர் அவர். மலேசியாவில் புதிதாக உரிமம் பெறும் மகிழுந்து ஓட்டுநர், முதல் 2 ஆண்டுகளுக்குச் சிவப்புப் பின்னணியில் வெண்ணிறப் 'பி' எழுத்துடைய ஒட்டுத்தாளை வண்டியின் முன்னும் பின்னும் காட்ட வேண்டும். அவர் உரிமம் பெற்ற நாளன்று, தந்தையே தம் சிவப்பு நிறப் புரோட்டோன் சாகாவில் அத்தாள்களை ஒட்டினார். காற்றுக் குமிழி நில்லாதவாறு உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினார். ஈராண்டு நிறைவதற்கு முன்பே தந்தை மறைந்தார். கெடு கடந்தும் தாள்கள் அப்படியே இருந்தன. ஞாயிறுதோறும் அவர் கழுவித் துடைத்த வண்டி, கூரையற்ற வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றது.

பள்ளி விடுமுறை நாளொன்றில் மகன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முன்பக்கத் தாளை உரிக்க முனைந்தார். வெயிலில் காய்ந்து இற்றுப்போன தாள், நகக்கண் அளவுத் துணுக்குகளாகப் பிய்ந்தது. பிசின் முழுவதும் வண்டியின்மேல் தங்கிவிட்டது. பொறுமை இழந்தவர் சவரத் தகட்டை எடுத்துச் சுரண்டினார். விரல் நீளத்திற்கு ஒரு வெண்கோடு விழுந்தது. அப்பா பேணிய வண்டியைத் தம் கையாலேயே காயப்படுத்திவிட்டோமே என்று கலங்கியவர், அடுத்துத் தின்னர்ப் புட்டியைத் தேடினார்.

மகிழுந்தின் வண்ணப்பூச்சு பார்வைக்குத் திண்மையாகத் தோன்றினும் மிக மெல்லியது. துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, நிறமற்ற மேற்பூச்சு ஆகிய யாவும் சேர்ந்தே பொதுவாக ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். கண்ணாடியில் செல்லும் சவரத் தகடு இங்கே செல்லாது. தின்னரும் அசிட்டோனும் பிசினைக் கரைப்பதோடு நில்லாமல் பூச்சையும் கெடுத்துவிடக்கூடும். மறுபூச்சு பூசிய இடங்களில் அவ்வச்சம் மிகுதி.

இச்சிக்கல் பழமையானது. இரட்டை வண்ண மகிழுந்துகள் விரும்பப்பட்ட காலத்தில், நிற எல்லை பிரிக்க ஒட்டிய தாளை உரிக்கையில் புதுப்பூச்சும் உடன் உரிந்து வந்தது. பூச்சாளர்களின் அத்துன்பத்தைக் கண்ட அமெரிக்கத் திரீ எம் நிறுவனத்தின் ரிச்சர்டு டுரூ, தீங்கின்றி உரியும் ஒட்டுநாடாவை 1925இல் உருவாக்கினார். ஒட்டுதல் எளிது; ஊறு செய்யாமல் பிரிதலே அரிது.

வாசலுக்கு வந்த தாய், "தம்பி, தகட்டைக் கீழே வை. ஒட்டிய பாலை யாராவது சுரண்டி எடுப்பார்களா?" என்றார். இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். துணியில் உறைந்த ரப்பர்ப் பாலை மண்ணெண்ணெய் தொட்டு ஊறவைத்து எடுத்த பழக்கம் அவருக்கு உண்டு. அக்கேள்வியில் வேதியியல் இருந்தது. ஒட்டுத்தாள் பிசின்கள் ரப்பராலோ அக்ரிலிக் போன்ற செயற்கைப் பொருளாலோ ஆனவை. நீர் அவற்றை எளிதில் அசைக்காது. எண்ணெய் ஊடுருவி நெகிழ்விக்கும்.

இருவரும் வண்டியை மாமர நிழலுக்குத் தள்ளிச் சவர்க்கார நீரால் கழுவினர். மணல் துகள் ஒன்று துணியில் சிக்கினாலும் அதுவே தகடாகிவிடும் அன்றோ? பின்பக்கத் தாள் முழுமையாக இருந்தமையால், தலைமுடி உலர்த்தியின் வெப்பக் காற்றை ஒரு சாண் தொலைவிலிருந்து அசைத்து அசைத்துக் காட்டினர். கை பொறுக்கும் சூடு ஏறியதும் ஓரத்தை நகத்தால் தூக்கி, வெடுக்கென இழுக்காமல் பின்புறமாக மடித்து மெல்ல உரித்தனர். முன்பக்கப் பிசின்மீது சமையல் எண்ணெயில் நனைத்த துணியைப் போர்த்திக் கால் மணி நேரம் காத்திருந்தனர். நெகிழ்ந்த பிசின் விரலால் உருட்ட உருட்டத் திரண்டு வந்தது. எஞ்சிய பகுதிக்கு மட்டும், தீப்பற்றும் அச்சம் கருதி உலர்த்தியை அப்புறப்படுத்திவிட்டு, மண்ணெண்ணெயைத் துணியில் சிறிது தொட்டனர்; கண்ணில் படாத மூலையில் சோதித்த பின்னரே துடைத்தனர். மீண்டும் சவர்க்கார நீர், அதன்பின் மெழுகு. தகடு தந்த கீறல் மட்டும் போகவில்லை.

தாள் இருந்த இடத்தில் ஒரு கட்டம் தெரிந்தது. சுற்றிலும் வெயிலில் வெளிறிய சிவப்பு. கட்டத்தினுள் தந்தை ஒட்டிய நாளின் ஆழ்ந்த சிவப்பு. மெருகுப் பசையிட்டுத் தேய்த்தால் வேறுபாடு ஓரளவு குறைந்திருக்கும். மகன் தேய்க்கவில்லை. "அப்பா கை வைத்த இடம், அம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பள்ளி திறந்த நாளில், 'பழம்' என்பதைப் 'பளம்' என்றே படித்தான் ஒரு சிறுவன். வழக்கமாக அவ்வாசிரியரின் குரல் தகடுபோல் எழும். சிறுவன் அன்று முழுவதும் வாய் திறக்க மாட்டான். அன்றோ அவர் அவனருகே அமர்ந்து, நாவை மடித்துக் காட்டி, ஒருமுறைக்குப் பத்துமுறை ஒலித்துக் காட்டினார். பிழை அன்றே முற்றும் நீங்கவில்லை. ஆயினும் சிறுவன் அஞ்சாமல் மீண்டும் படித்தான். பிசின் போக நாளாகலாம். வண்ணம் கெடாதிருக்க வேண்டும்.