குழல் எந்தப் பக்கம்?

சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி முடித்து, லேசான கிறுகிறுப்புடன் ஏற்காட்டில் இறங்குகிறீர்கள். ஏரியைப் பார்த்தாயிற்று, லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே மினுக்கும் சேலத்து விளக்குகளையும் பார்த்தாயிற்று. மே மாதத்துக் கோடை விழா என்றால் கூட்டத்தைச் சொல்லி முடியாது. கூட்டம் கூடுகிற இடத்தில் பலூன் சுடும் கடையும் முளைத்துவிடும். உடனே பிள்ளைகள் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுப்பார்கள்.

சுடட்டுமே! ஆனால் பக்கத்தில் நின்று கவனியுங்கள். காற்றுத் துப்பாக்கிதானே என்ற அலட்சியம் வேண்டாம். அதிலிருந்து பாயும் சின்ன ஈய ரவை கண்ணைப் போக்கிவிடும். முதல் பலூனை உடைத்த சந்தோஷத்தில் பையன், "அம்மா, பார்த்தாயா?" என்று துப்பாக்கியோடு திரும்புவான் பாருங்கள், அந்தக் கணந்தான் அபாயம். உடம்பு திரும்பினால் குழலும் கூடவே திரும்புகிறது. ரைபிள் கிளப்புகளில் முதல் பாடமே இதுதான். குழல் எப்போதும் குறியின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் வரையில் விசைமீது விரல் படக் கூடாது. காலித் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே பாவிக்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில், துப்பாக்கி காலிதான் என்று எல்லோருக்கும் தெரியும்படி குழலுக்குள் பளிச்சென்ற கயிறு ஒன்றைக் கோத்து வைக்கச் சொல்கிறார்கள். கடலூரில் பிறந்து, 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்று ரைபிளில் தங்கம் வென்றாரே இளவேனில் வாலறிவன், அவருக்கும் இந்த விதிதான்!

குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் 30-ல், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் பயிற்சித் தளத்திலிருந்து தவறி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்து போனான். பாவம், அவன் துப்பாக்கி இருந்த பக்கமே போகவில்லை. ஆகவே, பலூன் பலகைக்குப் பின்னால் கெட்டியான தடுப்பா, வெறும் துணியா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். துணிதான் என்றால், பையன் அழுதாலும் பரவாயில்லை, படகுத் துறைக்கு அழைத்துப் போய்விடுங்கள். சுட்ட பிறகு கையைக் கழுவாமல் மிளகாய் பஜ்ஜியைத் தொட விடாதீர்கள். ரவை ஈயம் அல்லவா?

இந்த மலைக்குத் துப்பாக்கி புதிதல்ல. சேர்வராயன் மலையில் நெடுங்காலமாக வாழ்கிறவர்கள் மலையாளிகள். (கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைவாசிகள்; காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.) வேட்டைக்கும், பயிரை அழிக்கும் பன்றிகளை விரட்டவும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு மறுபடியும் அடைக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம். இக்காலத்துத் துப்பாக்கியானால் தோட்டாவை உருவி எடுத்துவிடலாம். இதில் அடைத்த மருந்தை வெளியே எடுப்பது லேசல்ல. சுட்டால்தான் சுலபமாகக் காலியாகும். இரவு முழுதும் காத்திருந்தும் பன்றி வரவில்லை என்றால்? மருந்தோடேயே அது வீட்டு மூலைக்கு வந்து சேரும். அந்த மூலையில் குழந்தையும் விளையாடும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை குற்றமாயிற்று. உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடும்படி சேலம் மாவட்டத்து மலைக் கிராமங்களில் போலீஸார் பலமுறை கேட்டிருக்கிறார்கள். உரிமம் கேட்பவர், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள் கூறுகின்றன. வீட்டில் எப்படி வைப்பது, எப்படி எடுத்துப் போவது என்பதும் அந்தப் பாடத்தில் அடக்கம்.

விடுமுறைக்குக் காப்பித் தோட்டத்து வீடு எதிலாவது தங்கப் போகிறீர்களா? கூடத்தில் துப்பாக்கி கண்ணில் பட்டால், தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கின்றனவா என்று வீட்டு அம்மாளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சாவி யாரிடம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.