இதுவும் காலண்டர் விஷயம்தான்!

எங்கள் விருதுநகர் பக்கத்து ஆண்களுக்குக் காலண்டர் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே சிவகாசி. ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிற ஊர். ராகு காலத்தில் லோன் அப்ளிகேஷனை நீட்ட மாட்டோம். மேனேஜருக்குச் சந்திராஷ்டமம் என்றால், அந்த இரண்டேகால் நாளும் லீவு லெட்டர் பையை விட்டு வெளியே வராது. இப்பேர்ப்பட்ட வீரர்களிடம், "உங்க வீட்டம்மாவுக்குப் போன மாதம் எந்தத் தேதியில் மாதவிலக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா என்று மேலே பார்ப்பார்கள்!

எங்க அக்காவுக்குப் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. எத்தனை பின்னுகிறாளோ அத்தனைக்குக் கூலி. அன்றாடக் கணக்கை நோட்டில் எழுதி வைப்பாள். ஒருநாள் கூட்டித் தரச் சொல்லி நோட்டை என்னிடம் நீட்டினாள். மாதாமாதம் நாலைந்து நாள் கணக்கு பாதியாக விழுந்திருந்தது. இரண்டு நாள் 'வரலை'.

"என்னக்கா, சரக்கு வரலையா?"

"சரக்கெல்லாம் வந்துச்சு. எனக்குத்தான்டா தம்பி முடியல. வயித்துவலி. பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கிறதுதானே?"

இருக்கிறதுதான். ஆனால் கூலிக்குக் கணக்கு வைக்கிறவள் வலிக்கும் வைக்கலாமே?

இதற்கு செல்போனில் ஆப் எல்லாம் இருக்கிறது. அக்கா காலண்டரையே எடுத்துக்கொண்டாள். அதிலும் தினசரி காலண்டர் சரிப்படாது. மறுநாள் கிழித்தால் கணக்கும் குப்பைக்குப் போய்விடும். மாதக் காலண்டர்தான். ரத்தப்போக்குள்ள நாளுக்குப் புள்ளி. வலிக்குப் பெருக்கல் குறி. தலைவலிக்கு 'த'. மாத்திரை போட்டால் வட்டம்.

மூன்று மாதத்தில் காலண்டர் பேச ஆரம்பித்தது. தலைவலிக்குக் காரணம் ஆலையில் அடிக்கும் மருந்து வாடை என்று அக்கா நினைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு மாதமும் புள்ளிக்கு நாலு நாள் முன்னால்தான் 'த' வரிசையாக நின்றது. வாடை தினம்தானே அடிக்கிறது?

காலண்டரைச் சுருட்டிக்கொண்டு ஒரு லேடி டாக்டரிடம் போனோம். "கடைசியா எந்தத் தேதி?" என்றார். "பொங்கலுக்கு முந்தி" என்று இழுக்காமல் அக்கா காலண்டரை விரித்தாள். 21 முதல் 35 நாளுக்குள் ஒருமுறை வந்தால் இயல்பு, அக்காவுக்கு 28. ஆனால் ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினால் என்னவென்று பார்க்க வேண்டுமாம். காலண்டரில் புள்ளி ஒன்பது! ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.5. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி. சின்னதுதான், மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரையைத் துடித்துப்போன பிறகு போடாமல், வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார். கர்ப்பப்பையை இறுகவைக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகுவதற்குள் மாத்திரை முந்திக்கொள்ள வேண்டுமாம்.

"என்ன மாத்திரைன்னு தெரியாம எதையும் முழுங்காதேம்மா" என்றும் சொன்னார். காரணம் இருக்கிறது. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்த்த சுமார் 100 பெண்களிடம் விசாரித்தது. மாதவிலக்கு வலி என்று போனவர்களுக்குப் பெயரே இல்லாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்கியது அப்போதுதான் வெளியே வந்தது.

இப்போது அக்காவின் காலண்டரில் பெருக்கல் குறி குறைந்திருக்கிறது. நோட்டில் இரண்டு மாதமாக 'வரலை' இல்லை. சனிக்கிழமை சம்பளம் முழுசாக வருகிறது.

கல்யாணமான தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. காலண்டர் வாங்கி மாட்டுங்கள், பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். அத்தோடு உங்கள் டியூட்டி முடிந்தது. குறி போடுவதும், அதை யாரிடம் காட்டுவது என்பதும் அவர்கள் இஷ்டம். வீட்டில் சின்னதாக ஒரு சண்டை வந்தவுடன் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஓஹோ, தேதி நெருங்குதா? அதான் கோபமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டால், அன்றைக்குச் சந்திராஷ்டமம் உங்கள் ராசிக்குத்தான்!