பதின்மூன்றாம் வசனம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோயில் வாசலில் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தாம்பாளத்தில் குவித்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுக்கிறவர்கள் உண்டு; அடியில் கைவிட்டுத் துழாவி எடுக்கிறவர்களும் உண்டு. வருஷம் முழுக்க அந்த வசனம் வேதாகமத்துக்குள்ளோ பீரோக் கண்ணாடியிலோ இருக்கும். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். ஆண்டவர் தன்னிடம் தனியாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நம்பி, ஒரு சபையே நடுராத்திரியில் வரிசையில் நிற்பது சின்ன விஷயமா?

ஒரு வருஷம் எனக்கு வந்தது யாத்திராகமம் 4:12. எகிப்தின் ராஜா பார்வோனிடம் போகச் சொல்லி, மோசேயின் வாயோடு தாமே இருந்து, பேச வேண்டியதைப் போதிப்பதாகக் கர்த்தர் சொல்லும் இடம். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தால், அட்டையில் இல்லாத 13ஆம் வசனத்தில், வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார் மோசே. அவ்வளவு பெரிய வாக்கு காதில் விழுந்த கையோடு மறுப்பு! 14ஆம் வசனத்தில் கர்த்தருக்குக் கோபமே வந்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்த அதிகாரம் என்னை விடவில்லை.

மோசேக்கு அப்போது வயது 80. அரண்மனை வாழ்க்கை எப்போதோ போய்விட்டது. மீதியானில் மாமனாரின் ஆடுகளை மேய்த்தே காலம் ஓடியிருக்கிறது. தனக்கு நாவு திருந்தவில்லை, பேச வராது என்கிறார். அது வெறும் சாக்கு என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேச்சுத் திக்குகிறவர்களோடு பழகிப் பார்த்தால் தெரியும். பார்வோனைவிட, முதல் எழுத்து வெளியே வராமல் தொண்டையில் நிற்கும் அந்தக் கணம்தான் பயங்கரம்.

இதே உரையாடலின் நடுவில் இன்னொன்றும் நடக்கிறது. கையை மடியில் போடச் சொல்கிறார் கர்த்தர். வெளியே எடுத்தால் குஷ்டம். மறுபடி போட்டு எடுத்தால் பூரண சுகம். எகிப்திலுள்ள இஸ்ரவேல் ஜனங்கள் நம்புவதற்காகக் கொடுத்த அடையாளம் அது. கையை அத்தனை சீக்கிரம் சுகமாக்கியவருக்கு ஒரு நாவு எம்மாத்திரம்? ஆனால் நாவை அவர் தொடவே இல்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கியது யார் என்று கேட்கிறார். கூட இருப்பேன் என்கிறார். அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுக்கிறார். அவ்வளவுதான். ஆறாம் அதிகாரத்தில் மோசே அதே குறையை இரண்டு தடவை மறுபடியும் சொல்கிறார்.

இதை யோசிக்கும்போது முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது என் விசுவாசத்துக்குக் காலூன்ற இடம் கொடுப்பதே இதுதான். என் குறை தீர்ந்த பிறகுதான் அவர் வாக்கு செல்லும் என்றால் என் பாடு என்ன ஆவது?

ஆரோனையும் பாருங்கள். நன்றாகப் பேசக்கூடியவர் என்று கர்த்தரே சொன்ன மனுஷன். ஜனங்கள் நெருக்கியபோது பொன் கன்றுக்குட்டியை வார்த்துக் கொடுத்தவரும் அவரே. அந்த ஜனங்கள் அழிந்துபோகாதபடி கர்த்தரிடம் வாதாடி மன்றாடியது திக்குவாய்த் தம்பி. உபாகமம் என்ற புத்தகமோ பெரும்பாலும் மோசே பேசிய பேச்சு. 120 வயதில், யோர்தானுக்கு இக்கரையில் நின்று பேசியது. நாவு சுகமானது என்று அதற்குள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

குறை தீராமலே ஊழியம் செய்த மிஷனரி ஒருவரும் நினைவுக்கு வருகிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைத் தெரியும். பலவீனமான உடம்பு என்று சீன ஊழியத்துக்கு அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானுக்குப் போய் நோயோடு திரும்பினார். அந்த உடம்போடு 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், பிறகு ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 55 வருஷம் இங்கேயே இருந்தார். தேவதாசிகளாகக் கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண்பிள்ளைகளுக்குத் தாயானார். 1931இல் களக்காட்டில், இருட்டுகிற நேரத்தில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். 1951இல் கண்மூடும் வரை அவருடைய நாட்கள் பெரும்பாலும் டோனாவூரில் ஒரே அறையில்தான்.

அங்கே படுத்தபடி எழுதிய புத்தகங்களில் ஒன்று, 1933இல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் ப்ரையர்’. நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதியது. திடமாக இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் படுக்கையில் கிடப்பவர்களை எட்டுவதில்லை என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்திருந்தது. விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொல்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழங்களை வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கக் கிளம்பும் முன், அவர்கள் இந்தப் புத்தகத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகவேண்டும்.